கிட்டப் போனவளுக்கே பிழை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இனிமையான நினைவுகளாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அப்படிச் சிலவும் என்னிடம் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவை வருவதில்லை. ஒரு பருவகாலம் முழுக்க நடந்த ஒரு அநியாயம்தான் வருகிறது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த நாட்களிலும் அதை நினைத்தால் கையில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமாகத்தான் மேசையில் வைக்கிறேன். ஆகவே கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இது எழுதப்படவே மாட்டாது.

மெல்பேர்ணில், விளையாட்டு அணிகளின் ஆட்டங்களைத் தரவுகளாக்கி ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனத்தில் நான் மூத்த ஆய்வாளராக இருந்தேன். புறநகரான வெரிபீயிலிருந்து ரெயிலில் வந்து போனேன். இருக்கை கிடைக்காத காலைகளில் நின்றபடியே ஆட்டங்களின் வீடியோவைக் கைபேசியில் பார்ப்பேன். யாழ்ப்பாணத்தில் படித்த புள்ளிவிபரவியல் அமெரிக்கன் ஃபுட்போலில் வந்து முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு அசைவுக்கும் இடையில் ஆட்டம் நின்று மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் கணக்குக்கு இடம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கிற அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்ட் முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேறுவதற்கு வழி இரண்டு. பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம். அல்லது தூரத்தில் நிற்கிற ஆளுக்கு எறியலாம். தடுக்கிற அணி ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: ஆட்களை முன்னால் குவித்து ஓட்டத்தை மறிப்பதா, பின்னால் நிறுத்தி எறிதலை மறிப்பதா? முன்னால் குவித்தால் தலைக்கு மேலால் எறிவார்கள். பின்னால் நிறுத்தினால் நடுவால் ஓடுவார்கள். இரண்டில் எது மேல் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் பிரிவின் மேலாளர் நேசன். எங்கள் ஊர்க்காரர், என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் என்னை "அக்கா" என்பார். மற்ற நேரங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் தலைமையில் ஒரு மென்பொருள் செய்தார்கள். எந்தத் தடுப்பு முறை எத்தனை புள்ளிகளைக் காப்பாற்றும் என்று ஒப்பிட்டுச் சொல்கிற மென்பொருள். அதற்கு உணவாகக் கொடுத்தது அமெரிக்காவின் தொழில்முறை ஆண்கள் ஆட்டங்களை. குவியல் குவியலாகத் தரவு. படங்களெல்லாம் அழகாக வந்தன. நிறுவனத்தில் எல்லோருக்கும் பெருமை.

அந்த மென்பொருளை முதன்முதலாகப் பாவித்துக் காட்ட நேசன் பிடித்த அணி, சிட்னியில் இருந்த ஒரு மாநில மகளிர் அணி.

அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிந்தது. "ஆட்களைப் பின்னால் நிறுத்துங்கள்" என்றது மென்பொருள். அமெரிக்காவில் அது சரிதான். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தை எறிந்தால் அம்பு மாதிரிப் போய்க் கையில் விழும். எங்கள் மகளிர் ஆட்டங்கள் அப்படியா? வேலை முடிந்து வந்து பயிற்சி எடுக்கிற பெண்கள். பாதிப் பேர் இந்த விளையாட்டுக்கு வந்தே ஒன்றிரண்டு பருவம்தான். எறிகிற பந்துகளில் பல நிலத்தில் விழும். ஆகையால் அணிகள் அதிகம் எறிவதே இல்லை, ஓடும். நடுவால் இடித்துக்கொண்டு ஓடும். யாரும் எறியாத ஆட்டத்தில் எறிதலைத் தடுக்க ஆட்களைப் பின்னால் அனுப்பச் சொல்வது, நெரிசலான ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் கார் நிறுத்துவது எப்படி என்பதைப் பாலைவனத்து நெடுஞ்சாலையில் போய்ப் படித்துவிட்டு வந்த மாதிரி.

இதை நான் நேசனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "விளையாட்டு ஒண்டுதானே அக்கா. சட்டம் ஒண்டு, மைதானம் ஒண்டு. பெண்கள் எண்டாப்போல கணக்கு மாறுமோ?"

"சட்டம் ஒண்டுதான். ஆனா என்ன செய்யப் போகினம் எண்டது ஒண்டில்லை. எதிராளி எறியமாட்டாள் எண்டா, எறியிறதை மறிச்சு என்ன பிரயோசனம்?"

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்," என்றார். அவ்வளவுதான் பதில். அறிக்கை போய்விட்டது.

புதுப் பிள்ளைகளே, ஒரு எண் பிறந்த இடத்தில் உண்மையாக இருக்கும். அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் பொய்யாகிவிடும். அதைக் கொண்டுபோகிறவர்கள் பொய் சொல்கிறோம் என்று நினைப்பதே இல்லை. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, திருத்தமாகத் தலை வாரிக்கொண்டு, முழு நம்பிக்கையோடு பேசுவார்கள்.

அந்த அணியின் கோச் ஒரு அவுஸ்திரேலியப் பெண். ஐம்பது வயதிருக்கும். உரத்த குரல், குறைந்த பேச்சு. அவருக்கும் அறிக்கையில் முழு நம்பிக்கை இருக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஆனால் அமெரிக்கத் தரவு, கணினி, நிபுணர்கள் என்று ஒரு கூட்டமே வந்து நிற்கும்போது, எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. அணியைப் பின்னால் இழுத்தார். முன்வரிசை மெலிந்துபோனது.

மெலிந்த அந்த வரிசைக்குப் பின்னால், நட்ட நடுவில் நின்றவள் தர்ஷிகா.

சிட்னிப் புறநகரான டூங்கபிப் பிள்ளை. இங்கேயே பிறந்தவள். தொழில் எலெக்ட்ரீசியன். கட்டிடங்களில் வயர் இழுத்துவிட்டு, பூட்ஸைக் கூடக் கழற்றாமல் பயிற்சிக்கு வருவாள். தடுப்பில் நடுவில் நிற்பவளுக்கு ஓய்வு கிடையாது. பந்து எங்கே போனாலும் அவள் அங்கே போகவேண்டும். முன்னால் ஆட்கள் இருந்தபோது, எதிரணியின் பெரிய உடம்புக்காரிகளை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தர்ஷிகா புகுந்து பந்தோடு ஓடுபவளைப் பிடித்து வீழ்த்துவாள். இந்தப் பிடித்து வீழ்த்துவதைத்தான் டக்கிள் என்கிறோம். ஆட்களைப் பின்னால் இழுத்த பிறகு, அந்தப் பெரிய உடம்புகள் தடையில்லாமல் நேரே அவள்மேல் வந்தன. அவள் ஒருத்தியைத் தள்ளி, இன்னொருத்தியைச் சுற்றி, கடைசியில் ஓடுபவளின் காற்சட்டையை ஒரு கையால் எட்டிப் பிடிப்பாள். பிடி நழுவும். நழுவினாலும் ஓடுபவள் தடுமாறுவாள், வேகம் குறையும், அதற்குள் மற்றவர்கள் வந்து வீழ்த்திவிடுவார்கள்.

எங்கள் மென்பொருள் இதை எப்படி எழுதியது தெரியுமா? வீழ்த்தினவளுக்கு ஒரு டக்கிள். தர்ஷிகாவுக்கு ஒரு "மிஸ்".

ஆட்டத்துக்கு ஆட்டம் மிஸ்கள் ஏறின. தடுப்பாட்டக்காரிகளின் தரவரிசையில் அவள் பெயர் கீழே கீழே போய்க் கடைசிக்கு வந்தது. அந்தத் தரவரிசையை நாங்கள் கோச்சுக்கு மட்டும் அனுப்பவில்லை. நேசன் அதைத் தேசிய அணியின் தெரிவுக் குழுவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார், மென்பொருளை அவர்களுக்கும் விற்கலாம் என்று.

நான் வேலையாகச் சிட்னிக்குப் போன ஒரு நாள், பயிற்சி முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். தமிழ் அன்ரி ஒருவர் அணியோடு வேலை செய்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோளில் ஐஸ் பையை வைத்துக் கட்டியிருந்தாள்.

"அன்ரி, உங்கட ரிப்போர்ட்ல நான் லாஸ்ட். ட்ரூவோ அது?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"நான் அவ்வளவு மோசமோ? ஐ மீன், எனக்குத் தெரியும் நான் மிஸ் பண்ணுறன் எண்டு. ஆனா ஒவ்வொரு ப்ளேயும் மூண்டு பேர் என்ர மேல வருகினம். அதை எங்கையாவது எழுதியிருக்கோ?"

எழுதியிருக்கவில்லை. அதற்கு எங்கள் மென்பொருளில் ஒரு இடமே இருக்கவில்லை.

மெல்பேர்ணுக்குத் திரும்பியதும் வித்யாவைக் கூப்பிட்டேன். வித்யா மதுரைப் பக்கத்துப் பெண். எங்களுக்காக வீடியோக்களை வெட்டி அடுக்குபவள். வேகமான கண். இருவரும் ஒரு கிழமை முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அணியின் ஆட்டங்களை முதலிலிருந்து பார்த்தோம். மிஸ் விழுந்தது யாருக்கு என்று பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று பார்த்தோம்.

வித்யாதான் முதலில் கண்டாள். வீடியோவை நிறுத்தினாள். "அக்கா, நம்ம லிஸ்ட்ல முதல்ல இருக்கிற பொண்ணு எங்க இருக்கா, பாத்தீங்களா?"

திரையில் அந்தப் பெண் மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்றாள். பந்து நடுவால் போய்க்கொண்டிருந்தது.

"இதுலயும் அங்கதான். இதுலயும். அவ பக்கம் யாருமே வரல. அவ யாரையும் பிடிக்கப் போகவே இல்ல. அதனால மிஸ்ஸே இல்ல. அவ மேல தப்பு சொல்லல அக்கா, அவள அங்க நிக்கச் சொல்லியிருக்காங்க. ஆனா நம்ம மெஷின் அவளுக்கு ஃபுல் மார்க் குடுக்குது."

"கிட்டப் போனவளுக்குத்தான் பிழை விழுகுது," என்றேன்.

"ஆமா. போகாதவளுக்கு ஒண்ணும் இல்ல."

வித்யாவின் சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடியே ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். எனக்கு வந்த கோபம் மென்பொருள் மேலல்ல. அது சொன்னதைச் செய்கிற பொருள். எந்தத் தவறு எண்ணப்படும், எது எண்ணப்படாது என்று மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். எண்ண வசதியாக இருந்ததை எண்ணினார்கள்.

அடுத்ததாக, அவுஸ்திரேலிய மாநில மகளிர் ஆட்டங்களை மட்டும் எடுத்து, முன்னால் குவிக்கும் முறையையும் பின்னால் நிறுத்தும் முறையையும் நானே ஒப்பிட்டேன். சராசரியைப் பார்த்தால் முன்னால் குவிப்பது எவ்வளவோ மேலாகத் தெரிந்தது. எனக்கு வேண்டிய பதில். நேசனின் மேசையில் கொண்டுபோய் அடிக்கலாம் போல இருந்தது.

அடிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சராசரியும் ஏமாற்றுகிறது. எதிரணிக்கு ஒரு யார்ட்தான் தேவை என்றால் எல்லாக் கோச்சும் ஆட்களை முன்னால் குவிப்பார்கள். அங்கே இரண்டு யார்ட் போனாலும் அது தோல்வி. ஆனால் சராசரியில் சின்ன எண்ணாக அழகாக விழும். எதிரணி முந்தைய முயற்சியில் பின்னால் தள்ளப்பட்டு அதற்குப் பதினைந்து யார்ட் தேவை என்றால் பின்னால் நிறுத்துவார்கள். ஒன்பது யார்ட் விட்டுக்கொடுத்தாலும் அது வெற்றி. சராசரியிலோ பெரிய எண்ணாக அசிங்கமாக விழும். எந்த நேரத்தில் எந்த முறை பாவிக்கப்பட்டது என்று பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இலேசான பரீட்சை எழுதினவனையும் கடினமான பரீட்சை எழுதினவனையும் மார்க்கை வைத்து ஒப்பிடுகிற கதைதான்.

எனக்குச் சாதகமான பிழை என்பதற்காக அதை விட்டுவிட்டால் எனக்கும் நேசனுக்கும் என்ன வித்தியாசம்? கோபமாக இருக்கிறபோதுதான் இது மிகவும் கடினம். பிள்ளைகளே, கோபம் வரட்டும். ஆனால் கணக்கைத் தொடும்போது அந்தக் கோபத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள்.

ஆகவே ஒவ்வொரு முயற்சியையும் பிரித்தேன். எத்தனை யார்ட் தேவை, எத்தனையாவது முயற்சி, மைதானத்தின் எந்தப் பகுதி. ஒரே நிலைமைகளை ஒரே நிலைமைகளோடு மட்டும் ஒப்பிட்டேன். எத்தனை யார்ட் போனது என்பதை விட்டுவிட்டு, எதிரணி வேண்டியதைப் பெற்றதா இல்லையா என்று கேட்டேன். வித்தியாசம் சுருங்கியது. ஆனால் மறையவில்லை. எதிரணிக்கு நீண்ட தூரம் தேவைப்படுகிற நேரங்களில் பின்னால் நிறுத்துவது பரவாயில்லை. மற்ற நேரங்களில் ஆட்களை முன்னால் கொண்டுவருவதுதான் நல்லது. ஆட்டங்கள் குறைவு என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதினேன். "மிஸ்" எண்ணிக்கையை வைத்து யாரையும் தரவரிசைப்படுத்தக்கூடாது, தர்ஷிகாவின் நிலை இந்த முறை உண்டாக்கின நிலை என்று தனியாக ஒரு பந்தியும் எழுதினேன்.

நேசன் அதை ஆறுதலாக வாசித்தார்.

"அக்கா, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனா கிளையண்டுக்கு ஒரு நம்பர் குடுத்திட்டம். இப்ப வேறொண்டு குடுத்தா, முதல் சொன்னது பிழை எண்டு ஆகும்."

"முதல் சொன்னது பிழைதானே."

"பிழை எண்டு சொல்லாதேங்கோ. அடுத்த வெர்ஷன்ல திருத்திப் போடுவம்."

"அடுத்த வெர்ஷன் வருமட்டும் அந்தப் பிள்ளையின்ர தோள் தாங்குமோ?"

"ஒரு ப்ளேயருக்காக ஒரு ப்ரொடக்டை நிப்பாட்டேலாது." குரல் மாறியது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இந்தப் பக்கம் கோச்சுக்குப் போகாது."

போகவில்லை. அடுத்த அறிக்கை போனபோது நான் எழுதின பக்கம் அதில் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது. மூத்த ஆய்வாளர் சரிபார்த்தது என்று போட்டிருந்தார்கள். என் பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். எடுத்தார்கள். அன்று முழுக்க அலுவலகத்தில் ஒருவரும் என்னோடு தேத்தண்ணி குடிக்க வரவில்லை, வித்யாவைத் தவிர.

பிறகு இறுதி ஆட்டம் வந்தது. மேற்குச் சிட்னியில் ஒரு மைதானம். காலையிலிருந்து மழை. புல் சேறாகிக் கிடந்தது. நேசனும் நானும் போயிருந்தோம். முதற்பாதி முழுக்க எதிரணி நடுவால் ஓடியது. எறியவே இல்லை. எறியத் தேவையும் இருக்கவில்லை. தர்ஷிகா விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, ஒரு கட்டத்தில் முழங்காலில் நின்றபடி தலையைக் குனிந்திருந்தாள். பின்னால் எங்கள் ஆட்கள் யாரும் வராத இடத்தைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இடைவேளையில் கோச் நேரே எங்களிடம் வந்தார். முகத்தில் மழை வழிந்தது. நேசனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"பின்னால் நிற்பதா, முன்னால் வருவதா? உங்கள் கருத்து என்ன?"

நேசன் முந்திக்கொண்டார். "எங்கள் அறிக்கையில்..."

"அறிக்கையை வாசித்துவிட்டேன். இவரைக் கேட்கிறேன்."

நேசன் என் பக்கம் திரும்பி, தமிழில், சிரித்த முகத்தோடு, "அக்கா, கவனம்," என்றார்.

"முன்னால் வாருங்கள்," என்றேன் கோச்சிடம். "அவர்களுக்கு நீண்ட தூரம் தேவைப்படும்போது மட்டும் பின்னால் போங்கள்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"இல்லை. எங்களிடம் இருக்கிற ஆட்டங்கள் குறைவு. ஆனால் இரண்டில் ஒன்றில் பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதில்தான் கட்டுவேன். முன்னால் வந்தால் ஒரு நீண்ட எறிதலில் மாட்டலாம். அந்த ஆபத்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அழுத்தம் இருக்கிற இடத்தில் ஒரு ஆய்வாளர் சொல்லக்கூடிய நேர்மையான வார்த்தைகள் இவ்வளவுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது இது. தெரியாதது இது. என் முடிவு இது.

இரண்டாம் பாதியில் ஆட்டம் மாறியது. முன்வரிசையில் ஆட்கள் வந்து நின்றதும் நடுவழி அடைபட்டது. தர்ஷிகாவுக்குக் கையை நீட்ட இடம் கிடைத்தது. அவள் ஓடுபவளை முழுதாகக் கட்டிப் பிடித்து வீழ்த்தின சத்தம் எங்களுக்குக் கேட்டது. அணி புள்ளிகளில் கிட்ட வந்தது.

கடைசியில், எதிரணி அதுவரை செய்யாததைச் செய்தது. எறிந்தது. பின்னால் நின்ற எங்கள் பெண் சரியான இடத்தில்தான் நின்றாள். பந்தைப் பிடிக்கத் திரும்பும்போது சேற்றில் கால் வழுக்கி விழுந்தாள். பந்து அவளைக் கடந்து எதிராளியின் கையில் போய் விழுந்தது. தோற்றுவிட்டோம்.

நேசன் தன் குடையை விரித்துக்கொண்டு, "பாத்தீங்களோ?" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த கிழமை மீளாய்வுக் கூட்டம். கோச் திரையில் இணைந்திருந்தார். நேசன் ஒரு படம் போட்டார். இடைவேளையில் பரிந்துரைக்கு மாறாக முறையை மாற்றியதால் இறுதி ஆட்டம் கைவிட்டுப் போனது என்று பெரிய எழுத்தில்.

நான் எழும்பினேன். "அந்த வீடியோவைப் போடும்," என்றேன். அவர் வேண்டாம் என்றார். வித்யா கேட்காமலே போட்டுவிட்டாள். அந்தப் பெண் சேற்றில் வழுக்கி விழுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"வழுக்குறதை மறிக்கிற தடுப்பு முறை எது எண்டு சொல்லும், நேசன். நான் எழுதி வைக்கிறன்."

திரையைக் காட்டித் தொடர்ந்தேன். "ஒரு முடிவு சரியோ பிழையோ எண்டதை, எடுக்கேக்கை என்ன தெரிஞ்சது எண்டு பாத்துத்தான் சொல்லோணும். பிறகு யார் வழுக்கி விழுந்தவை எண்டு பாத்துச் சொல்லேலாது. நாங்கள் மட்ச்சை வெண்டிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பன். ஒரு பாதி ஆட்டத்தை வைச்சு என்ர கணக்குச் சரி எண்டு காட்ட நானும் வரமாட்டன்." இதையே ஆங்கிலத்திலும் சொன்னேன், கோச்சுக்கு விளங்கவேண்டும் என்று.

கோச் திரையிலிருந்து, "அதே முடிவை நாளைக்கும் எடுப்பேன்," என்றார். நேசன் கூட்டத்தை முடித்துவிட்டார். அன்று பின்னேரமே அந்த அணியின் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என்னை ஓரிடத்தில் இருந்து எடுத்து இன்னோரிடத்தில் போட்டார்கள். நான் வேலை செய்தேன். தேசிய அணியின் பெயர்கள் வெளிவந்தன. தர்ஷிகாவின் பெயர் இல்லை.

கோச் அவளுக்காக வாதாடியிருக்கிறார். நானும், நிறுவனத்தைத் தாண்டிப் பேசக்கூடாது என்ற ஒழுங்கை மீறி, தெரிவுக் குழுவில் இருந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அந்தத் தரவரிசை பிழை, அதை நம்பவேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆனால் அதை எங்களுக்கு அனுப்பினது உங்கள் நிறுவனம்தானே? எண்கள் பக்கச்சார்பு பார்க்காது என்றுதான் நாங்கள் இதற்குப் போனோம்."

எண்கள் பக்கச்சார்பு பார்க்காதாம். அன்றைக்கு நான் தொலைபேசியை வைத்த வேகத்தில் அது உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

டூங்கபிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முன்னறையில் கதிரையில் இருந்தாள். தோளுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா குசினிக்குள் பாத்திரங்களை ஓசைப்படக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேஷனல் டீமில என்னை எடுக்காதது ஓகே அன்ரி," என்றாள் தர்ஷிகா. "என்னைவிட பெட்டரா ஆக்கள் இருக்கலாம். ஆனா மிஸ், மிஸ், மிஸ் எண்டு போட்டிருக்கு. நான் மிஸ் பண்ணேல்லை. நான் மட்டும்தான் போனனான். மற்ற ஒருத்தரும் அங்க இல்லை."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்கு இந்த இடிபாட்டு விளையாட்டுப் பிடிக்காது பாருங்கோ. இவள் விட்டா நான் கோயிலுக்கு அருச்சினை செய்வன். ஆனா என்ர பிள்ளை பிழை விட்டவள் எண்டு எழுதினது ஆர்? அவையள் இவளின்ர தோளைப் பாத்தவையோ? ஒரு நாள் வந்து பாத்தவையோ?"

"நான் சொல்லிப் பாத்தனான்," என்றேன்.

"ஓம், இவள் சொன்னவள். நீங்கள் ஒரு ஆள்தான் சொன்னியளாம்." அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கோபம் எங்களுக்குள் பொதுவாக இருந்ததால் வேறு எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

அடுத்த தெரிவு வந்தபோது தர்ஷிகா விளையாட்டில் இல்லை. தோள் சரியாக ஆறவில்லை. ஏணியில் ஏறி வேலை செய்கிறவளுக்கு அந்தத் தோள் சோறு போடுகிற தோள். விட்டுவிட்டாள். மெதுவாக, ஒருவருக்கும் சொல்லாமல்.

அதன் பிறகும் நான் அந்த நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தேன். யாரையும் தரவரிசைப்படுத்துகிற எந்த அறிக்கையையும், அந்த ஆட்களின் ஆட்டத்தை முழுதாகப் பார்க்காமல் சரிபார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை மெதுவாகிறது என்று முறைப்பாடு வந்தது. வரட்டும் என்று விட்டேன். வித்யா இப்போது இன்னோர் இடத்தில் ஒரு பிரிவையே நடத்துகிறாள். அவள் முன்னால் யாராவது ஒரு பட்டியலை நீட்டினால், இதில் ஓரத்தில் நின்றவர் யார் என்று முதலில் கேட்பாளாம். கேட்டுச் சிரித்தேன். அந்த வருடத்தில் நடந்தவற்றில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, இருவருக்கும் தெரிந்த ஒருவரின் பிள்ளையின் கலியாணத்தில் நேசனைக் கண்டேன். கோட் போட்டு, கொஞ்சம் தலை நரைத்து. என்னைக் கண்டதும் தானாகவே வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். சுகம் விசாரித்தார். பிறகு, பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரிச் சொன்னார்:

"அக்கா, அந்த சிட்னி டீம் விசயத்தில நீங்கள் சொன்னது சரிதான். பிறகு நாங்களும் மாத்திப்போட்டம். பெண்கள் ஆட்டத்துக்கு இப்ப வேற கணக்கு. மிஸ்ஸையும் வேற மாதிரித்தான் எண்ணுறம். என்ன, நீங்கள் சொன்ன நேரம்தான் பிழை. சீசன் முடியட்டும் எண்டு கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"சீசன் முடியேக்கை அவள் எங்க இருந்தவள் எண்டு தெரியுமோ உமக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே விளங்காத முகம். நடிப்பில்லை.

"எவள் அக்கா?"

நான் எழும்பி நின்றேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"தர்ஷிகா," என்றேன். "அவளின்ர பேர் தர்ஷிகா."